ஆணையும் ஆவணமும்: தரவுத்தளச் சேவையகத்தின் அமைவுகள் வினவல் மொழிக்கு வசமான வரலாறு

வங்கி, மருத்துவமனை, புகையிரத ஆசனப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு என்றின்னவற்றுள் எதனை எடுத்துக்கொண்டாலும், இக்காலத்தில் அதன் கணக்கேடு பெரும்பாலும் கணினியில் அமைந்த தரவுத்தளமாகவே உளது. அத்தரவுத்தளத்தைக் காத்து, கேட்பார்க்கு விடையளித்து, புதியனவற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருள் தரவுத்தளச் சேவையகம் எனப்படும். அதனோடு உரையாடுதற்கென அமைந்தது வினவல் மொழி. அம்மொழிகளுள் தலையாயது எஸ்.கியூ.எல். என வழங்குவது. இவை பலரும் அறிந்தவை. ஆயின், அச்சேவையகம் தன் கடமையை எவ்வாறு ஆற்றுதல் வேண்டும் என்பதனை நிருணயிக்கும் விதிகளும் உள. எத்துணை நினைவகத்தை அது கையாளலாம், ஒரே வேளையில் எத்தனை பேர் அதனை அணுகலாம், ஒரு பதிவு வட்டைச் சென்றடைந்த பின்னரே ‘முடிந்தது’ என விடையிறுத்தல் வேண்டுமா அன்றி அதற்கு முன்னரே கூறிவிடலாமா என்பன அவ்விதிகளுட் சில. இவையே அமைவுகள் எனப்படுவன.

அமைவுகள் அளவிற் சிறியன, விளைவிற் பெரியன. மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளத்தின் இன்னோடீபீ சேமிப்புப் பொறியிலுள்ள ஓர் அமைவினைச் சான்றாகக் காட்டலாம். அதன் பெறுமானம் 1 ஆயின், ஒவ்வொரு நடவடிக்கையும் நிறைவுறும்போது அதன் குறிப்பு வட்டில் உறுதியாக எழுதப்படும். அதனை 2 என மாற்றினால், ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு முறையே அவ்வுறுதிப்பாடு நிகழும். வேலை விரைவுபடும் என்பது உண்மை. ஆனால், அவ்வேளையில் மின்சாரம் அற்றுப்போகுமாயின், ஏறத்தாழ ஒரு செக்கனில் நிறைவுற்றனவாக அறிவிக்கப்பட்ட நடவடிக்கைகள் சுவடின்றி மறையக்கூடும். பணம் செலுத்தியவன் கையிற் பற்றுச்சீட்டு இருக்கும். ஏட்டிற் பதிவு இராது. ஒற்றை எண்ணின் மாற்றம் இத்தகைய வேறுபாட்டை விளைவிக்குமாயின், அவ்வெண்ணை மாற்றும் அதிகாரம் எவரிடம் இருத்தல் வேண்டும், மாற்றிய செய்தி எங்கே பதியப்படுதல் வேண்டும் என்னும் வினாக்கள் தாமே எழுகின்றன.

இவ்வினாக்களுக்கு விடைதேடிய முயற்சியே ஈண்டு ஆராயப்படுவது. ஆணை என்பது அப்பொழுதே செயற்படுவது. ஆவணம் என்பது பின்னரும் நிலைத்திருப்பது. ஆதியில் அமைவுகள் ஆவணமாக மட்டுமே இருந்தன. பின்னர் ஆவணமற்ற ஆணைகள் ஆயின. அதன்பின் இரண்டனையும் இணைத்தற்குப் பல வழிகள் காணப்பட்டன. அவ்விணைப்பு எளிதிற் கைகூடியதன்று.

கோப்பின் காலம்

பழைய முறைமை கோப்பினைச் சார்ந்தது. சேவையகம் துயிலெழும்போது ஒரு கோப்பினைப் படிக்கும்; அதிற் கண்டவாறு நினைவகத்தை ஒதுக்கிக்கொள்ளும்; மீண்டும் நிறுத்தப்படும் வரை அவ்வாறே இயங்கும். 1979 இல் விற்பனைக்கு வந்த ஒராக்கிள் தரவுத்தளம் பிற்காலத்தில் இத்தகைய தொடக்கக் கோப்பினாற் பெயர்பெற்றது. ஓர் அமைவினை மாற்ற விரும்பிய நிருவாகி, கோப்பினைத் திருத்திச் சேவையகத்தை நிறுத்தி மீண்டும் தொடக்குவார். பல செயன்முறைகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகப் பரப்புத் தொடக்கத்திலேயே வரையறுக்கப்படுதலால், இடையில் அதனை விரித்தலும் சுருக்குதலும் அரிதாயிருந்தமை இதற்கு ஒரு காரணம்.

இம்முறையைக் குறைகூறுவார் அதன் நன்மைகளையும் நோக்குதல் வேண்டும். கோப்பு மனிதர் படிக்கத்தக்க எழுத்தில் அமைந்தது. மாற்றிய வரிக்கருகே இன்ன நாளில் இன்ன காரணத்தால் மாற்றப்பட்டது எனக் குறிப்பெழுதலாம். மாற்றுமுன் ஒரு பிரதியை எடுத்துவைக்கலாம். குறைகளும் இல்லாமலில்லை. கோப்பினைத் தொடுதற்குக் கணினியின் இயங்குதளத்திற் புகும் உரிமை வேண்டும். எழுத்துப் பிழையொன்று நேர்ந்தால், மறுமுறை தொடக்கும்போதே அது வெளிப்படும். இவை யாவற்றினும் பெரிதாக, ஒரு சிறு மாற்றத்திற்காகச் சேவையகத்தையே நிறுத்தவேண்டியிருந்தது. இரவும் பகலும் இயங்கும் நிறுவனங்கள் பெருகியபோது இக்குறை பொறுத்தற்கரியதாயிற்று.

கொட் வகுத்த நெறி

கோப்பிலிருந்து வினவல் மொழிக்குச் செல்லும் வழியைத் திறந்த கருத்து, அமைவுகளைப் பற்றி எழுந்ததன்று. தரவினைப் பற்றி எழுந்தது. இங்கிலாந்திற் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பீ.எம். நிறுவனத்தின் சன் ஹோசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கார் கொட் என்பார், 1970 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் தொடர்புசார் தரவு மாதிரியை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். தரவுகள் யாவும் அட்டவணைகளாகத் தோன்றுதல் வேண்டும், அவை வட்டில் எவ்வாறு கிடக்கின்றன என்பதைப் பயன்படுத்துவோர் அறியவேண்டியதில்லை என்பது அதன் சாரம். அக்கருத்தைச் செயலுருவாக்க அதே ஆய்வுகூடத்திற் சிஸ்டம் ஆர் என்னும் முயற்சி தொடங்கிற்று. டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொயிஸ் ஆகியோர் 1974 இல் அறிவித்த சீக்குவல் என்னும் மொழியே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர்பெற்றது.

சிஸ்டம் ஆர் முயற்சியில் இரண்டு செய்திகள் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதன. அட்டவணைகள் எவை, அவற்றின் நிரல்கள் எவை என்னும் விவரங்களும் அட்டவணைகளிலேயே வைக்கப்பட்டமை ஒன்று. 1976 இற் பற்றீசியா கிரிபித்ஸ், பிராட்போர்ட் வேட் ஆகியோர் விளக்கிய உரிமை வழங்கும் முறை மற்றையது. இன்னார் இன்ன அட்டவணையைக் காணலாம், இன்னார் மாற்றலாம் என உரிமையை வழங்குதலும் மீளப்பெறுதலும் அதே மொழியால் இயன்றன. 1985 இற் கொட் தாம் வகுத்த பன்னிரு விதிகள் என வழங்குவனவற்றுள் நான்காவதில், தரவுத்தளத்தின் விவரணமும் ஏனைய தரவினைப் போலவே அமைந்து, உரிமை பெற்றோர் அதே மொழியால் அதனை வினவ இயலுதல் வேண்டும் என வற்புறுத்தினார்.

அவ்விதி பேசுவது தரவின் விவரணத்தைப் பற்றியே. சேவையகத்தின் நினைவகம் முதலிய அமைவுகளைப் பற்றியன்று. மேலும், அது வினவுதலைக் கூறுகின்றதேயன்றி ஆணையிடுதலைக் கூறவில்லை. ஆயினும், தன்னைப் பற்றிய செய்தியைத் தானே அட்டவணையாகக் காட்டுவது தரவுத்தளத்தின் இயல்பு என்னும் எண்ணம் வேரூன்றியபின், அமைவுகளையும் அவ்வாறே காட்டுதலும், காட்டியவற்றை மாற்றுதலும் இயல்பான அடுத்த படிகளாயின. எஸ்.கியூ.எல். நியமங்கள் 1986 முதல் வெளிவந்தபோதும், சேவையகத்தின் உள்ளமைவுகளை மாற்றும் முறையை அவை வகுத்துரைக்கவில்லை. 1992 ஆம் ஆண்டின் நியமம் நடவடிக்கையின் தனிமைப்படுத்தல் நிலை, நேர வலயம் முதலிய அமர்வு சார்ந்த சிலவற்றையே எடுத்துக்கூறிற்று. எனவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வழியே சென்றது. அவ்வழிகளின் வேறுபாட்டிலேயே இவ்வரலாற்றின் சுவை தங்கியுளது.

நான்கு வழிகள்

சைபேஸ் நிறுவனம் 1987 இல் வெளியிட்ட சேவையகமும், அதன் வழித்தோன்றலாக 1989 இல் வெளிவந்த மைக்கிரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேவையகமும் ஒரு மரபினைச் சார்ந்தன. அம்மரபில் அமைவுகள் சேவையகத்தின் தலைமைத் தரவுத்தளத்திலேயே அட்டவணையாக வைக்கப்பட்டன. அவற்றை மாற்றுதற்கு எஸ்.பீ. கொன்பிகர் என்னும் சேமிக்கப்பட்ட செயன்முறை உதவிற்று. இதிற் போற்றத்தக்கது இருபடி முறையாகும். முதற்படியிற் புதிய பெறுமானம் ஏட்டிற் குறிக்கப்படும். மறு அமைவு என்னும் தனிக் கட்டளை இட்ட பின்னரே அது நடைமுறைக்கு வரும். மீள்தொடக்கம் வேண்டும் அமைவுகள் அதுவரை காத்திருக்கும். ஏட்டிலுள்ள பெறுமானமும் நடைமுறையிலுள்ள பெறுமானமும் அருகருகே காட்டப்படுதலால், எழுதியது வேறு நடப்பது வேறு என்னும் நிலை எவர் கண்ணுக்கும் தப்பாது. அனுபவமிக்கார்க்கே உரிய அமைவுகள் பொதுப்பட்டியலில் மறைக்கப்பட்டு, அவற்றைக் காட்டுக என வேறோர் அமைவினை மாற்றிய பின்னரே வெளிப்பட்டன.

ஒராக்கிள் வேறு வழியிற் சென்றது. ஓல்ட்டர் சிஸ்டம் என்னும் கட்டளையாற் சில அமைவுகளைச் சேவையகம் இயங்கும்போதே மாற்ற இயன்றது. ஆனால் அம்மாற்றம் நினைவகத்தில் மட்டுமே நிகழ்ந்தது. எழுத்துக் கோப்பினையும் கையாற் திருத்த மறந்த நிருவாகி, மாதங்கள் கழித்துச் சேவையகம் மீளத்தொடங்கும்போது, பழைய பெறுமானம் மீண்டும் வந்து குந்தியிருப்பதைக் காண்பார். 2001 இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு, சேவையகமே எழுதிக் காக்கும் அமைவுக் கோப்பினை அறிமுகப்படுத்தி இக்குறையை நீக்கிற்று. அதன்பின் ஒவ்வோர் ஆணையிலும் அதன் எல்லையைக் குறிக்க இயன்றது: நினைவகத்தில் மட்டும், கோப்பில் மட்டும், இரண்டிலும் என்பன அவ்வெல்லைகள். ஆணையோடு ஒரு குறிப்புரையையும் சேர்த்தெழுத அக்கட்டளை இடமளித்தது. கோப்பின் காலத்தில் வரிக்கருகே எழுதப்பட்ட காரணக் குறிப்பு, இவ்வாறு வினவல் மொழிக்குள் மறுபிறவி எடுத்தது எனலாம். எனினும் அப்புதுக் கோப்பு கையாற் திருத்துதற்குரியதன்று. பொருந்தாப் பெறுமானம் ஒன்றால் சேவையகம் எழ மறுக்குமாயின், அதிலிருந்து எழுத்துக் கோப்பொன்றை உருவாக்கி, அதனைத் திருத்தி, அதன் துணையால் எழுப்புதலே வழக்கமாயிற்று. புதிய முறை இடறியபோது பழைய முறையே கைகொடுத்தது.

சுவீடன் நாட்டில் 1995 இல் தோன்றிய மை எஸ்.கியூ.எல். ஆணைக்கும் ஆவணத்திற்கும் இடைப்பட்ட பிரிவினை நீண்டகாலம் தாங்கி நின்றது. 2002 இன் 4.0.3 பதிப்பிலிருந்து, ஓர் அமைவினைத் தன் அமர்வுக்கு மட்டும் மாற்றுதலும், செற் குளோபல் என்னும் கட்டளையாற் சேவையகம் முழுமைக்கும் மாற்றுதலும் தெளிவாக வேறுபடுத்தப்பட்டன. காலம் செல்லச் செல்ல ஆணையின் ஆட்சி விரிந்தது. இன்னோடீபீ தரவினை வைத்துக்கொள்ளும் பெருநினைவகப் பரப்பின் அளவை மாற்றுதற்கு முன்னர் மீள்தொடக்கம் வேண்டியிருந்தது; 2015 இற் பொதுப் பயனுக்கு வந்த 5.7 பதிப்பில் இயங்கும்போதே அதனை மாற்ற இயன்றது. ஆயின் இவை யாவும் மீள்தொடக்கத்தோடு மறைவன. நெருக்கடி வேளையில் ஒருவர் இட்ட ஆணையாற் சேவையகம் நன்கு இயங்கும்; அதனைக் கோப்பில் எழுதாதவர் வேறு பணிக்குச் சென்றிருப்பார்; ஒருநாள் மீள்தொடக்கம் நிகழ, தீர்ந்ததென எண்ணிய நோய் திரும்பும்; அதன் மருந்தை அறிந்தவர் அங்கிரார். 2018 இற் பொதுப் பயனுக்கு வந்த 8.0 பதிப்பே செற் பெர்சிஸ்ட் என்னும் கட்டளையால் இவ்விடரைத் தீர்த்தது. அக்கட்டளை நடைமுறையையும் மாற்றி, தனிக் கோப்பொன்றிலும் பதிகின்றது. எவர், எக்கணினியிலிருந்து, எப்பொழுது மாற்றினார் என்பதனையும் உடன் குறித்துவைக்கின்றது. ஆணையிட்டவர் பெயர் ஆணையோடு நிலைபெற்றமை இவ்வரலாற்றில் ஒரு மைல்கல்.

போஸ்ட்கிரெஸ் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் மைக்கல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986 இற் தொடங்கிய ஆய்வின் பயன். பின்னர் உலகெங்குமுள்ள தொண்டர்களால் வளர்க்கப்பட்டு, 1996 இற் போஸ்ட்கிரெஸ் எஸ்.கியூ.எல். எனப் பெயர்பெற்றது. 2001 இல் வெளிவந்த 7.1 பதிப்பில் அமைவுகள் யாவும் ஒரே முறைமைக்குள் கொணரப்பட்டன. அம்முறைமையின் சிறப்பு, ஒவ்வோர் அமைவுக்கும் அதன் மாற்றத்தகு காலம் வரையறுக்கப்பட்டிருத்தலாம். சில அமைவுகள் எவராலும் தத்தம் அமர்வில் மாற்றத்தக்கன. சில தலைமை உரிமை பெற்றோர்க்கே உரியன. சில கோப்பினை மீளப் படித்தலால் மாறுவன. சில மீள்தொடக்கத்தால் மட்டுமே மாறுவன. பகிரப்படும் நினைவகத்தின் அளவும் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையும் 2024 இன் 17 ஆம் பதிப்பிலும் இறுதி வகையைச் சார்ந்தனவாகவே இருந்தன.

சேவையகம் முழுமைக்குமுரிய அமைவுகளைக் கட்டளையால் நிலையாக மாற்றும் வசதி போஸ்ட்கிரெஸில் 2014 டிசெம்பரில், 9.4 பதிப்பிலேயே வந்தது. அங்கும் கட்டளையின் பெயர் ஓல்ட்டர் சிஸ்டம். அது நிருவாகி எழுதிய கோப்பினைத் தொடுவதில்லை. தனக்கென அமைந்த வேறொரு கோப்பில் எழுதுகின்றது. அக்கோப்பு இறுதியிற் படிக்கப்படுதலால், இரண்டும் முரணுமிடத்து அதன் சொல்லே வெல்லும். மனிதர் எழுதிய குறிப்புகள் சிதையாமற் காக்கப்பட்டமை நன்று. ஆயின் புதியதோர் இடர்ப்பாடும் பிறந்தது. முன்னொருநாள் எவரோ இட்ட ஆணை அறியாத ஒருவர், பெருங்கோப்பினைத் திருத்தி, மீளப் படிக்கச் செய்து, பயனின்மை கண்டு மயங்குதல் நேரிடும். ஓரமைவின் பெறுமானம் எக்கோப்பின் எவ்வரியிலிருந்து வந்தது, மீள்தொடக்கத்தை எதிர்நோக்கியுள்ளதா என்பவற்றை வினவி அறியும் அட்டவணைக் காட்சிகள் இம்மயக்கம் தீர்க்க உதவுகின்றன. ஆவணங்கள் இரண்டாயின், அவற்றின் முன்பின் முறையைக் கூறும் மூன்றாவது ஆவணமும் வேண்டியதாயிற்று.

அதிகாரமும் காவலும்

இதுகாறும் கூறியவை வசதியின் வரலாறு. அதனோடு ஆபத்தின் வரலாறும் இணைந்தே வந்தது. கோப்பின் காலத்தில் அமைவினை மாற்ற விரும்பியவன் இயங்குதளத்தின் வாயிலைக் கடக்கவேண்டியிருந்தது. வினவல் மொழியால் மாற்ற இயன்றபின், தரவுத்தளத்தின் வாயிலே போதுமானதாயிற்று. ஒரு மதிலுக்குப் பின்னிருந்த சாவிகள் வேறொரு மதிலுக்குள் வைக்கப்பட்டன. அம்மதிலின் உறுதியை எல்லாரும் எண்ணிப்பார்த்தாரல்லர்.

மைக்கிரோசொப்டின் சேவையகத்தில், வினவல் மொழியிலிருந்தே இயங்குதளக் கட்டளைகளை ஏவும் செயன்முறை ஒன்றுளது. அதன் ஆபத்தை உணர்ந்து, 2005 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இயல்பாகவே மூடிவைக்கப்பட்டது. ஆயின் அதனைத் திறக்கும் சாவியும் ஓர் அமைவே, அதுவும் எஸ்.பீ. கொன்பிகர் வழியே மாற்றத்தக்கது. எனவே, செயலி ஒன்று தலைமை உரிமையோடு தரவுத்தளத்தை அணுகுமாயின், அச்செயலியின் படிவத்தில் வினவலைப் புகுத்தவல்ல வஞ்சகன் முதலிற் பூட்டைத் திறந்து, பின்னர் உட்புக இயலும். குற்றம் பூட்டினுடையதன்று; சாவியை ஊழியர் எல்லாரிடமும் கொடுத்துவைத்தவருடையது.

2016 இல் மை எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தில் வெளிப்பட்ட குறைபாடு இன்னும் நுட்பமானது. வினவல்களைப் பதியும் குறிப்பேடு எக்கோப்பில் எழுதப்படுதல் வேண்டும் என்பது கட்டளையால் மாற்றத்தக்க அமைவு. உரிய உரிமை பெற்ற ஒருவன், அக்குறிப்பேட்டை அமைவுக் கோப்பின் மேலேயே திருப்பிவிட்டு, தான் விரும்பிய வரிகளை வினவல் வடிவில் அதிற் பதியச்செய்யலாம் எனக் கண்டறியப்பட்டது. மறுமுறை சேவையகம் எழும்போது அவ்வரிகள் அமைவுகளாகப் படிக்கப்பட்டு, தீய நிரலொன்று உயர்ந்த அதிகாரத்தோடு இயங்க வழி பிறந்தது. அதே ஆண்டில் வெளிவந்த திருத்தப் பதிப்புகள், குறிப்பேட்டுக்கு அத்தகைய கோப்புப்பெயர் இடுதலைத் தடுத்தன. நடந்ததைப் பதியவேண்டிய ஆவணமே நடக்கப்போவதை ஏவும் ஆணையாக மாறிய இந்நிகழ்ச்சி, வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு ஒப்பாகும்.

இவற்றின் பயனாக அதிகாரத்தைப் பகுத்து வழங்கும் முறை வளர்ந்தது. எல்லாம் வல்ல ஒரே உரிமையைப் பல கூறுகளாக்கி, அமைவு மாற்றத்துக்கெனத் தனியுரிமையை 8.0 பதிப்பில் மை எஸ்.கியூ.எல். வகுத்தது. 2022 இன் 15 ஆம் பதிப்பிற் போஸ்ட்கிரெஸ், குறித்த ஓரமைவினை மட்டும் மாற்றும் உரிமையைத் தலைமை உரிமையில்லாத ஒருவர்க்கு வழங்க இடமளித்தது. அரை நூற்றாண்டுக்கு முன் அட்டவணைகளுக்கென வகுக்கப்பட்ட உரிமை வழங்கும் முறை, இறுதியில் அமைவுகளையும் வந்தடைந்தது.

மீண்டும் கோப்பு

வரலாறு இத்துடன் நின்றதன்று. அமேசன் நிறுவனம் 2009 இற் தொடக்கிய தரவுத்தளச் சேவை போன்றவற்றில், சேவையகத்தின் உரிமையாளர் வேறு, பயன்படுத்துவோர் வேறு. அங்கு பயன்படுத்துவோர்க்கு முழுத் தலைமை உரிமை வழங்கப்படுவதில்லை. அமைவுத் தொகுதி எனப்படும் பட்டியலைச் சேவையகத்திற்கு வெளியே திருத்தி அதனோடு இணைக்கின்றனர். நூற்றுக்கணக்கான சேவையகங்களை ஒருங்கே ஆளும் நிறுவனங்களும், அமைவுகளைக் கோப்புகளாக எழுதி, ஒவ்வொரு மாற்றத்தின் வரலாற்றையும் காக்கும் களஞ்சியத்தில் வைத்து, அங்கிருந்தே எல்லாச் சேவையகங்களுக்கும் அனுப்பும் வழக்கத்தை மேற்கொண்டன. இத்தகைய இடங்களில், நிருவாகி ஒருவர் நேரே இடும் கட்டளை, களஞ்சியத்திலுள்ள ஆவணத்தைப் பொய்யாக்கும் இடையூறாகவே கருதப்படும். 2024 இன் 17 ஆம் பதிப்பிற் போஸ்ட்கிரெஸ், ஓல்ட்டர் சிஸ்டம் கட்டளையை முற்றாக மறுக்கும் அமைவொன்றைச் சேர்த்தமைக்கு இதுவே காரணம். அது காவற் கருவியன்று, தலைமை உரிமை பெற்றவர் வேறு வழிகளில் மாற்றவல்லவர் என அதன் கையேடே எச்சரிக்கின்றது. தவறுதலாக நிகழும் மாற்றத்தைத் தடுத்தலே அதன் நோக்கம்.

பத்தாண்டுகளுக்கு முன் அரிய வசதியெனச் சேர்க்கப்பட்ட கட்டளைக்குப் பூட்டிடும் வசதியும் சேர்க்கப்பட்டமையைப் பின்னடைவு எனக் கொள்ளுதல் தவறு. தொடக்கக் காலத்துக் கோப்பில் மனிதர் விரும்பினாலன்றி வரலாறு எழுதப்படுவதில்லை. இக்காலக் களஞ்சியத்தில் வரலாறின்றி மாற்றம் நிகழ்வதில்லை. வட்டமிட்டு வந்ததாகத் தோன்றினும், நின்ற இடம் முன்னையதினும் உயர்ந்தது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க உண்மை ஒன்றுளது. சேவையகத்தின் அமைவுகள் வினவல் மொழிக்கு வசமானமை, ஆணையிடுதலை எளிதாக்கிற்று. ஆணை எளிதாகுந்தோறும் ஆவணத்தின் கடமை பெருகிற்று. சைபேஸ் மரபின் இருபடி முறை, ஒராக்கிளின் எல்லைக் குறிப்பு, மை எஸ்.கியூ.எல். பதியும் பெயரும் நேரமும், போஸ்ட்கிரெஸின் தனிக் கோப்பு ஆகிய யாவும் இக்கடமைக்கு வெவ்வேறு காலத்தில் அளிக்கப்பட்ட விடைகளே.

எனவே, ஓர் அமைவினை மாற்றப் புகுவோர் நான்கு வினாக்களுக்கு விடைகண்ட பின்னரே கட்டளையை இடுதல் முறையாகும். முன்னிருந்த பெறுமானம் யாது? மாற்றுதற்குக் காரணம் யாது? மாற்றியவர் எவர் என எங்கே பதியப்படும்? மீள்தொடக்கத்தின் பின் இம்மாற்றம் நிலைக்குமா, மறையுமா? இவற்றுக்கு விடையின்றி இடப்படும் கட்டளை அன்றைய இடரைத் தீர்க்கலாம். ஆயின் அடுத்து வருவோர்க்கு விளங்காப் புதிராக எஞ்சும். ஏடுகளைக் காக்கும் இயந்திரத்தை ஆள்வோர், தம் ஆணைகளுக்கும் ஓர் ஏடு வைத்தல் கடனாகும்.